பிள்ளைக்கு நாங்கள் சொன்ன கட்டார்

முதலில் மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். எழுதுவதற்கு எனக்கு ஒரு தகுதியும் இல்லை. பதினோராம் வகுப்புச் சாதாரண தரம் வரை படித்தேன். அதற்குப் பிறகு நான் பேனை பிடித்ததெல்லாம் கடைக்குச் சாமான் துண்டு எழுதத்தான். நாலு பேர் கூடிய இடத்தில் எனக்கு வாய் வராது. கலியாண வீட்டுக்குப் போனால் அடுப்படிப் பக்கம் போய் வெங்காயம் உரித்துக்கொண்டிருப்பேன். இப்படிப்பட்டவள் வீட்டுக்குள் நடந்ததை நாலு பேர் வாசிக்கும்படி எழுதலாமா என்று பல நாள் யோசித்துவிட்டு என் தங்கச்சியிடமே கேட்டேன். "பேர் போடாம எழுது. எழுதுறதெண்டா முழுக்க எழுது, என்ன நல்லவளாக் காட்டப் பாக்காத" என்றாள். அதனால் எழுதுகிறேன். பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

எங்கள் ஊர் மட்டக்களப்புக்குத் தெற்கே, வாவிக்கும் கடலுக்கும் நடுவில் கிடக்கிற நிலத்தில் இருக்கிறது. தங்கச்சியின் வீடும் என்னுடைய வீடும் ஒரே வளவுக்குள். இரண்டுக்கும் பொதுவாக ஒரு கிணறு. எங்கள் பக்கத்தில் வீடு பெண்ணுக்குத்தான் எழுதப்படும். கலியாணம் முடித்தால் ஆண் பெண்ணின் வீட்டுக்கு வந்து இருப்பார். ஒத்துவராமல் போனால் வெளியே போக வேண்டியவரும் அவர்தான். தங்கச்சியின் புருஷன் கிரான் பக்கத்து ஆள், வயல் வேலை தெரிந்தவர். எங்கள் ஊருக்கு வந்து வீடு கட்டுகிற மேசன் வேலை பழகி, பத்து வருடத்துக்குக் கிட்ட அந்த வீட்டில் இருந்தார்.

ஏன் பிரிந்தார்கள் என்று கேட்டால் எனக்கே சரியாகச் சொல்லத் தெரியாது. அடி உதை இல்லை. குடி இல்லை. வேறு பெண்ணும் இல்லை. ஒருவர் பேச்சு மற்றவருக்குப் பொறுக்காமல் போனது. தங்கச்சிக்கு நாக்குக் கொஞ்சம் கூர்மை. அவருக்கு நாக்கே இல்லை. அவள் பேசப் பேச அவர் எழுந்து வெளியே போவார், வெளியே போவதைப் பார்த்து அவளுக்கு இன்னும் கோபம் வரும். கடைசியில் ஒருநாள் "இது என்ட வீடு" என்று சொல்லிவிட்டாள். விடியற்காலையில் அவர் ஒரு பயணப் பையைத் தூக்கிக்கொண்டு மோட்டார் சைக்கிளில் போய்விட்டார். கிரானில் அவருடைய அக்காவின் வீடு இருக்கிறது. அங்கே போய்த் தங்கினார்.

அவர்களுக்கு ஒரே ஒரு மகள். அப்போது எட்டு வயது. எழும்பி வந்து அப்பா எங்கே என்று கேட்டாள். தங்கச்சி அடுப்புப் பக்கம் திரும்பி நின்றபடி, "கட்டாருக்குப் போயிற்றார்" என்றாள்.

நான் அங்கே நின்றேன். அந்தப் பேச்சு அவளுடைய வாயில் எப்படி அவ்வளவு சுலபமாக வந்தது என்று பிறகு யோசித்திருக்கிறேன். எங்கள் ஊரில் அது யாரும் நம்பாத செய்தி அல்ல. அந்தப் பிள்ளையின் வகுப்பில் பாதிப் பிள்ளைகளின் அப்பாமார் கட்டாரிலும் குவைத்திலும்தான் இருக்கிறார்கள். ஆண் ஒருவர் விடியற்காலையில் ஒரு பையோடு வீட்டை விட்டுப் போனால், அவர் பிளேன் ஏறப் போகிறாரா பிரிந்து போகிறாரா என்று பார்க்கிறவருக்குத் தெரியாது. தங்கச்சி தையல் தொழிற்சாலையில் வேலை செய்கிறாள். அங்கேயும் அதையே சொன்னாள். அக்கம்பக்கத்துக்கும் அதையே சொன்னோம். அவருக்குப் போன் எடுத்து, "புள்ள வளரும் வரைக்கும் நீங்க கட்டார்லதான். இந்தப் பக்கம் வந்து அவளக் குழப்பிப் போடாதீங்க" என்றாள். அவர் "ம்" என்றாராம்.

என் வீட்டுக்காரர் முன்பு நாலைந்து வருடம் கட்டாரில் நின்றவர். அதனால் சரக்குக்குக் குறைவில்லை. பிள்ளை கேட்டால் அவர் சொல்வார்: ஒரு அறைக்குள் ஆறு பேர், கட்டிலுக்கு மேல் கட்டில், வெளியே கால் வைத்தால் செருப்பு உருகும், ஒரு மலையாளத்து ஆள் சமைக்கிறார், குழம்பில் தேங்காய் எண்ணெய் மணக்கும். எல்லாம் உண்மையாக நடந்தவை. அவருக்கு நடந்தவற்றை அவளுடைய அப்பாவுக்கு நடப்பதாகச் சொன்னார், அவ்வளவுதான். பிள்ளை வாயைப் பிளந்து கேட்பாள். சொல்லி முடிந்ததும் அவர் என்னைப் பார்த்துக் கண்ணைச் சிமிட்டுவார்.

வீடியோவில் ஏன் அப்பா வருவதில்லை என்று கேட்டாள். பாலைவனத்துக்குள் வேலை, சிக்னல் இல்லை என்றோம். அவளுடைய பிறந்தநாளுக்குத் தங்கச்சி காத்தான்குடிக் கடைத்தெருவில் வெளிநாட்டுச் சொக்கலேட் வாங்கி, ஒரு பெட்டிக்குள் வைத்து, அப்பா அனுப்பினது என்று கொடுத்தாள். பிள்ளை பெட்டியைத் திறந்து, சொக்கலேட் பாக்கெட்டைத் திருப்பிப் பார்த்து, அடியில் ஒட்டியிருந்த கடை விலைத் துண்டை நகத்தால் மெல்லச் சுரண்டி எடுத்தாள். எடுத்து உருட்டி ஜன்னலால் வெளியே போட்டாள். அதை நான் பார்த்தேன். பிள்ளைகள் ஒட்டுத் துண்டுகளைச் சுரண்டுவது வழக்கம்தானே என்று விட்டுவிட்டேன்.

கொஞ்ச நாளில் அவள் கேட்பதை நிறுத்திவிட்டாள். எங்களுக்குப் பெரிய நிம்மதி.

அதற்குப் பிறகுதான் பள்ளிக்கூடத்திலிருந்து வரச் சொன்னார்கள். தங்கச்சிக்கு வேலை, நான் போனேன். வகுப்பு டீச்சர் என்னை மரத்தடிக்குக் கூட்டிப்போய், "இவ ஒரு தவணையா, மூண்டு மாசமா, வாய் திறக்கிறா இல்ல. பேர் கூப்பிட்டா கைய மட்டும் தூக்குறா. வாசிக்கச் சொன்னா நிண்டுகொண்டே இருக்கா. வீட்டிலயும் இப்படித்தானா?" என்று கேட்டார். வீட்டில் அப்படி இல்லை. எங்களோடு பேசுவாள், கோழியோடு பேசுவாள், கிணற்றுக்குள் தலையை நீட்டிச் சத்தம் போட்டு எதிரொலி கேட்பாள். "பயந்த புள்ள டீச்சர்" என்றேன். அப்படிச் சொன்னபோது எனக்கே என்னைச் சொல்வதுபோல இருந்தது.

கண்ணூறு கழித்தோம். கோயிலில் நூல் கட்டினோம். பள்ளிக்கூட வாசலுக்குள் போனதும் வாய் பூட்டிக்கொண்டுதான் இருந்தது. கடைசியில் டீச்சர், பிள்ளைகளைப் பார்க்கிற மனநல டொக்டரிடம் காட்டுங்கள் என்றார். தங்கச்சிக்குக் கோபம் வந்தது. "பைத்தியத்துக்குக் காட்டின புள்ள எண்டு பேர் வந்தா நாளைக்கு ஆர் கட்டுவான்?" என்றாள். "கதைக்காத புள்ளய மட்டும் ஆர் கட்டுவான்?" என்று என் வீட்டுக்காரர் கேட்டார். அவர் பகிடியாகத்தான் கேட்டார். அவள் அழுதாள். அடுத்த கிளினிக் நாளுக்குப் போனோம்.

ஆஸ்பத்திரியில் அந்தப் பகுதி ஒரு நீண்ட விறாந்தையின் கடைசியில் இருந்தது. எங்களுக்குப் பக்கத்து வாங்கில் ஏறாவூர்ப் பக்கத்துத் தாய் ஒருவர் மகளோடு இருந்தார். எங்கள் பிள்ளையின் வயதுதான் இருக்கும். அந்தப் பிள்ளை வாங்கில் ஏறி இறங்கி ஓயாமல் பேசிக்கொண்டிருந்தாள்.

"உங்கட புள்ளைக்கி என்னகா?" என்று அந்தத் தாய் என்னிடம் கேட்டார்.

"பள்ளியில கதைக்காளில்ல" என்றேன் மெல்ல.

"அல்லாவே! என்ட புள்ள வாய மூடுறாளில்ல. டீச்சர் காதப் பொத்திக்கிட்டுப் படிப்பிக்காவாம். ரெண்டையும் ஒண்டாக் கலக்கி ஆளுக்குப் பாதி குடுத்தா டொக்டரும் தேவல்ல, ஒண்டும் தேவல்ல."

தங்கச்சிக்கே சிரிப்பு வந்துவிட்டது. அந்த நேரத்தில் அந்தச் சின்னப் பிள்ளை எங்கள் பிள்ளைக்கு முன்னால் வந்து நின்று, "உங்கட வாப்பா எங்க? எங்கட வாப்பா வேற வீட்டுல இரிக்காரு. அங்க ஒரு பூனை இரிக்கி. எனக்குத் தொட ஏலாதாம்" என்றாள்.

எங்கள் பிள்ளை தன் செருப்பைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"போதும் மகள், இங்கால வாங்க" என்று அந்தத் தாய் மகளை இழுத்து மடியில் வைத்துக்கொண்டார். எங்களிடம் குரலைத் தணித்து, "நான் ஒண்டும் மறைக்கல்ல. காதிக்கோட்டில தலாக் முடிஞ்ச அண்டைக்கே புள்ளைக்கிச் சொல்லிட்டன். சொன்ன நாள்ல இருந்து ராவைக்கு எழும்பி எழும்பி நான் பக்கத்துல கிடக்கனா எண்டு தடவிப் பாக்காள். பகலைக்கி இந்த வாய்" என்றார். அதற்குள் அவர்களைக் கூப்பிட்டார்கள், போய்விட்டார்கள்.

எங்களைப் பார்த்த டொக்டர் ஒரு பெண். யாழ்ப்பாணத்துப் பேச்சு. அறைக்குள் மேசைக்குப் பக்கத்தில் தரையில் ஒரு பாய் விரித்து, அதில் விளையாட்டுச் சாமான்கள் கிடந்தன. முதலில் எங்கள் மூன்று பேரையும் இருத்திவைத்துக் கேட்டார். பிள்ளை எப்போது பிறந்தது, எப்போது நடந்தது, எப்போது பேசினது. எல்லாவற்றுக்கும் தங்கச்சி பதில் சொன்னாள். பிறகு, "அப்பா வரேல்லையோ?" என்றார்.

"அவர் கட்டார்ல" என்றாள் தங்கச்சி.

பிள்ளை நிமிர்ந்து அம்மாவைப் பார்த்தாள். பிறகு டொக்டரைப் பார்த்துத் தலையை ஆட்டினாள். கேட்காத கேள்விக்குச் சாட்சி சொன்னதுபோல இருந்தது. டொக்டர் அதைப் பார்த்தார்.

அடுத்தது பிள்ளையோடு விளையாட வேண்டும், பெரியவர்களில் ஒருவர் மட்டும் மூலையில் இருக்கலாம் என்றார். யார் இருப்பது என்று பிள்ளையிடமே கேட்டார். பிள்ளை வந்து என் கையைப் பிடித்தாள். தங்கச்சி எழுந்து கதவைச் சாத்திக்கொண்டு வெளியே போனபோது நான் அவளுடைய முகத்தைப் பார்க்கவில்லை. பார்க்க முடியவில்லை.

"நீங்கள் ஒண்டும் சொல்லிக் குடுக்கக்கூடாது. என்ன நடந்தாலும் சும்மா இருங்கோ" என்று டொக்டர் என்னிடம் சொன்னார். சும்மா இருப்பது எனக்குத் தெரிந்த ஒரே வேலை. ஆனால் அந்த அறைக்குள் அது அவ்வளவு கஷ்டமாக இருந்தது. டொக்டர் கேட்பார், பிள்ளை பேசாமல் இருப்பாள், "சொல்லு புள்ள" என்று என் நாக்கு நுனி வரைக்கும் வரும். டொக்டர் கண்ணாலேயே என்னை அடக்குவார். கதைக்கத் தேவையில்லை, விளையாடினால் போதும் என்று பிள்ளையிடம் சொல்லிவிட்டு அவரும் பாயில் இருந்து மரக்கட்டைகளால் ஒரு வீடு கட்டத் தொடங்கினார். கொஞ்ச நேரத்தில் பிள்ளையும் கட்டை எடுத்து வைத்தாள். சுவர் எழும்பியது. கோணல் சுவர். பிள்ளை அதைச் சரி பண்ணினாள். மேசனின் மகள்தானே.

அங்கே ஒரு பழைய பிளாஸ்டிக் விளையாட்டுப் போன் கிடந்தது. டொக்டர் அதை எடுத்துப் பிள்ளையின் பக்கம் தள்ளி, "இதால எங்க வேணுமெண்டாலும் எடுக்கலாம். கட்டாருக்கும் எடுக்கலாம்" என்றார். சொல்லிவிட்டுத் தன் பாட்டில் கட்டைகளை அடுக்கினார். பிள்ளை போனைத் தொடவில்லை. நாங்கள் இரண்டு பேரும் இருப்பதை மறந்தது மாதிரி இருந்த ஒரு கட்டத்தில் எடுத்துக் காதில் வைத்தாள். வீட்டில் பேசுகிற அதே குரலில், கொஞ்சம் அவசரமாகப் பேசினாள்.

"அப்பா, வெள்ளிக்கிழமையில பள்ளிக்கு முன்னால வந்து நிக்காதீங்க. மத்தப் புள்ளையள் பாக்குதுகள். வந்தாலும் ஹெல்மெட்டக் கழட்டிப்போடாதீங்க. கட்டார்ல இரிக்கிற ஆள் எப்படி இஞ்ச நிக்கிற? நான் அம்மாட்டச் சொல்ல மாட்டன். பெரியம்மாட்டயும் சொல்ல மாட்டன். வெயிலா இரிக்கி, போங்க."

போனை வைத்தாள். ஒரு கட்டையை எடுத்துக் கூரையில் வைத்தாள்.

பெரியம்மா என்றது என்னை. நான் அவளுக்கு ஐந்தடி தூரத்தில் இருந்தேன். டொக்டர் என்னைப் பார்க்காமல் பிள்ளையிடம், "கூரை வடிவா இருக்கு" என்றார்.

பிறகு பிள்ளையை ஒரு தாதியோடு விட்டுவிட்டு, தங்கச்சியை உள்ளே கூப்பிட்டு, பிள்ளை பேசியதை டொக்டரே சொன்னார். என்னைச் சொல்ல விடவில்லை, அதற்கு இன்றைக்கும் நன்றியாக இருக்கிறேன். தங்கச்சி வாயைப் பொத்திக்கொண்டு கேட்டாள். உண்மையில் அவர் எங்கே இருக்கிறார் என்று டொக்டர் கேட்டார். "கிரான்" என்றாள்.

"பிள்ளைக்குத் தெரியும் அம்மா. தனக்குத் தெரியும் எண்டது உங்களுக்குத் தெரியக்கூடாது எண்டுதான் பாடுபடுறா. பள்ளிக்கூடத்தில வாய் திறந்தா ஆரும் அப்பாவப் பற்றிக் கேப்பினம். அதுக்கு அவவிட்டப் பதில் இல்ல. நான் இண்டைக்கே இதுதான் எண்டு முடிவாச் சொல்லமாட்டன், இன்னும் பாக்கவேணும். அடுத்த முறை அப்பாவும் வரவேணும். ரெண்டு பேரும் சேர்ந்து, நாங்கள் பிரிஞ்சிருக்கிறம் எண்டு அவவிட்டச் சொல்லவேணும். வீட்ட போய் இதப்பற்றி அவவ விசாரிக்காதேங்கோ. ஏசாதேங்கோ. இப்பிடியே விட்டா இந்த மௌனம் பழகிப்போகும், பிறகு எடுக்கிறது கஷ்டம்."

பஸ்ஸில் பிள்ளை ஜன்னல் பக்கம் தூங்கிப்போனாள். தங்கச்சி என்னிடம், "அந்தாள் வந்து வந்து நிண்டிரிக்கான், என்ன?" என்றாள்.

"புள்ளயப் பாக்கத்தானே" என்றேன்.

"நீ அவனுக்குப் பரிஞ்சு கதைக்காத. உள்ளுக்கு இருந்து எல்லாத்தையும் கேட்டவள் நீ. என்னெண்டு புள்ள உன்ட கையப் பிடிச்சாள், அக்கா?"

பிள்ளையின் தலை ஜன்னல் கம்பியில் இடிக்காமல் என் கையை இடையில் வைத்தேன்.

"நான் அவனோட போய் ஒரு வாங்கில இரிக்கமாட்டன்" என்றாள். பிறகு, "அந்த ஏறாவூர்ப் புள்ளைக்கு எல்லாம் சொல்லித்தானே வளக்காங்க. சொன்ன புள்ளயும் அங்கதான் வந்து இரிக்குது. சொல்லாத புள்ளயும் அங்கதான் வந்து இரிக்குது. அப்ப சொல்லி என்னத்துக்கு?" என்றாள்.

டொக்டர் சொன்னதை மட்டும் நினைத்துக்கொண்டிருந்தேன், பழகிப்போகும் என்றதை. எனக்கு வாய் வராமல் போனதும் ஏதோ ஒரு நாளில் தொடங்கித்தானே இருக்க வேண்டும். யாரும் கவனிக்கவில்லை. பயந்த பிள்ளை என்று சொல்லிவிட்டார்கள்.

அந்த வெள்ளிக்கிழமை தங்கச்சி வேலைக்குப் போய்விட்டு இடையில் வந்துவிட்டாள். எனக்குச் சொல்லவில்லை. பள்ளிக்கூடத்துக்கு எதிரில் ஒரு சைக்கிள் திருத்துகிற கடை இருக்கிறது, அதற்குள் போய் நின்றிருக்கிறாள். பின்னேரம் எனக்கு அவள் சொன்னதை எழுதுகிறேன். அவர் பள்ளிக்கூட வாசலில் நிற்கிற வாகை மரத்துக்கு அந்தப் பக்கம், நிழல் இல்லாத இடத்தில் மோட்டார் சைக்கிளை நிறுத்தி அதிலேயே இருந்தாராம். ஹெல்மெட் கழற்றவில்லையாம். பள்ளிக்கூடம் விட்டதும் பிள்ளை மற்றப் பிள்ளைகளோடு வெளியே வந்தாளாம். தலையைக் குனிந்துகொண்டு, அவர் இருந்த பக்கம் ஒரு தரமும் திரும்பாமல், அவருக்கு முன்னாலேயே நடந்து போனாளாம். அவரும் கூப்பிடவில்லை. பிள்ளை சந்தி திரும்பி மறைகிற வரைக்கும் இருந்துவிட்டு, பிறகுதான் மோட்டார் சைக்கிளை எடுத்தாராம்.

"ரெண்டும் ஒண்டையொண்டு தெரியாத ஆக்கள் மாதிரி, அக்கா. என்ன மாதிரி நடிக்குதுகள். நான் சொல்லிக் குடுத்த நடிப்பு" என்றாள். அரிசி களைந்துகொண்டே சொன்னாள். தண்ணீர் தெளிந்த பிறகும் களைந்துகொண்டே இருந்தாள். பிறகு, "நீ அவனுக்கு போன் எடு. நான் கதைக்கமாட்டன். வரச் சொல்லு" என்றாள்.

போன் எடுப்பது எனக்குக் கிணற்றில் இறங்குவதுபோல. கிணற்றடிக்குப் போய் நின்று எடுத்தேன்.

"மச்சான்" என்றேன்.

"மச்சாள்" என்றார். பிறகு இரண்டு பேரும் பேசாமல் நின்றோம். அவரும் என்னைப்போலத்தான்.

"புள்ளைக்கு என்னவும் சுகமில்லையா?" என்று அவர்தான் கேட்டார். குரல் மாறியிருந்தது.

"ஒண்டுமில்ல. டொக்டர் உங்களையும் வரச் சொல்றா. தங்கச்சிதான் எடுக்கச் சொன்னது."

"நான் கட்டார்லயெல்லவா இரிக்கன்?"

"அப்ப பிளேன் ஏறி வாங்க மச்சான்" என்றேன். என் வாயில் எப்படி அது வந்ததென்று தெரியாது. அவர் சிரித்தார். பிறகு சிரிப்பு நின்றது, மூக்கை உறிஞ்சுகிற சத்தம் கேட்டது. நாளையும் இடத்தையும் சொல்லிவிட்டு வைத்துவிட்டேன்.

இரண்டாம் முறை போனபோது அவர் எங்களுக்கு முன்பே வந்து விறாந்தையில் நின்றார். மடிப்புக் கலையாத சேர்ட். உடம்பு இளைத்திருந்தது. பிள்ளை அவரைக் கண்டதும் என் பின்னால் ஒளிந்தாள். ஓடிப் போய்க் கட்டிக்கொள்வாள் என்று நான் நினைத்திருந்தேன், அப்படி நடக்கவில்லை. தங்கச்சி அவரைப் பார்க்காமல் உள்ளே போனாள்.

டொக்டர் பிள்ளையைப் பாயில் இருத்தினார், தாயையும் தகப்பனையும் இரண்டு பக்கத்திலும் இருத்தினார். நான் பழைய மூலையில். முதலில் அம்மா சொல்ல வேண்டும் என்று பேச்சு. தங்கச்சி வாயைத் திறந்தாள், மூடினாள். எங்கள் எல்லாருக்குள்ளும் வாய்க்காரி அவள்தான். அன்றைக்கு அவளால் முடியவில்லை. கடைசியில் அவர்தான் சொன்னார்.

"மகள், அப்பா கட்டாருக்குப் போகல்ல. கிரான்ல மாமிட வீட்ட இரிக்கன். அம்மாவும் நானும் ஒரு வீட்டில இரிக்கிறதில்ல எண்டு பிரிஞ்சிட்டம். உன்ட பிழை ஒண்டும் இல்ல."

பிள்ளை அவரைப் பார்க்கவில்லை. அம்மாவின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். அந்த முகத்தில் என்ன நடக்கப்போகிறது என்று காவல் இருந்ததுபோல இருந்தது. தங்கச்சி, "ஓம் மகள். அம்மாதான் பொய் சொன்னது" என்றாள்.

"எனக்குத் தெரியும்" என்றாள் பிள்ளை. அவ்வளவு மெல்லிய குரல். பிறகு கேட்டாள்: "அப்ப இனிப் பள்ளியில என்னத்தச் சொல்ற?"

யாரும் அதை யோசித்திருக்கவில்லை.

"கிரான்ல வேலை எண்டு சொல்லு" என்றார் அவர்.

"ஏன் அப்படிச் சொல்ல? மறுகா ஒரு பொய்யா?" என்றாள் தங்கச்சி.

"பொய்யில்லையே, வயல்ல வேலைதானே செய்யன்."

"கேட்டா ஒண்டும் சொல்லாத மகள். அது ஆக்களுக்குத் தேவையில்லாத கதை."

"ஒண்டும் சொல்லாம இருந்துதானே இஞ்ச கொண்டு வந்து விட்டிரிக்கு!" என்றார் அவர். அவர் குரல் உயர்த்தி நான் கேட்டது அந்த ஒரு தடவைதான்.

"பாத்தீங்களா டொக்டர், இப்படித்தான்" என்றாள் தங்கச்சி.

டொக்டர் கையை உயர்த்தினார். அதற்குள் பிள்ளை வாயை இறுக்கி மூடிக்கொண்டுவிட்டாள். கட்டைகளை ஒவ்வொன்றாக எடுத்துப் பெட்டிக்குள் போட ஆரம்பித்தாள். டொக்டர் என்ன விளையாட்டுக் காட்டியும் அதற்குப் பிறகு அன்றைக்கு ஒரு சொல் வரவில்லை. தாயும் தகப்பனும் தலையைக் குனிந்துகொண்டு இருந்தார்கள்.

வெளியே அனுப்ப முன் டொக்டர் பெரியவர்களிடம் சொன்னார்: "அவ கேட்டது நல்ல கேள்வி. பதில் அவ தேட வேண்டியதில்ல, நீங்கள் தேட வேணும். நீங்கள் ரெண்டு பேரும் வெளியில ஆக்களிட்ட என்ன சொல்லுறீங்களோ, அதத்தான் அவவும் சொல்லுவா." அடுத்த தவணை எப்போது என்று சொல்லி, அதற்கும் எல்லாரும் வர வேண்டும் என்றார். பேச்சு வர நாள் எடுக்கும், வராமலும் இருக்கலாம், இடையில் விட்டுவிடாதேங்கோ என்றார்.

விறாந்தையில் அவர் பிள்ளைக்கு முன்னால் குந்தி இருந்தார். என்ன செய்வதென்று தெரியாமல் அவளுடைய சட்டைக் கழுத்துப் பொத்தானைப் போட்டுவிட்டார். அது ஏற்கெனவே போட்டிருந்தது, கழற்றித் திரும்பப் போட்டார். பிள்ளை அசையாமல் நின்றாள். அவர் எழுந்து போன பிறகு, "அப்பா இளைச்சிப் போயிற்றார், என்ன பெரியம்மா?" என்று என்னிடம் கேட்டாள். ஓம் என்றேன்.

அடுத்த நாள் பிள்ளை பள்ளிக்கூடம் போனாள். அன்றைக்கும் ஒன்றும் பேசவில்லை என்று டீச்சர் சொன்னார். தங்கச்சி வேலைக்குப் போய், அடுத்த தவணைக்கு லீவு கேட்டாள். என்ன காரணம் என்று மேற்பார்வையாளர் எல்லாருக்கும் முன்னால் கேட்டாராம். நானும் புருஷனும் பிரிஞ்சிரிக்கம், அதால புள்ளய டொக்டரிட்டக் காட்ட வேணும் என்று சொன்னாளாம். லீவு கொடுத்தார்கள்.